ஒலிம்பிக் தங்கம் வென்ற கர்ட் ஆங்கிள் ஏன் 'பொய்ச் சண்டை'க்குப் போனார்?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை. நீங்களும் என்னைப் போல டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற அமெரிக்க மல்யுத்தக் காட்சியை டிவியில் பார்த்து, ட்ரம்ப் கார்டு சேர்த்து வளர்ந்தவராகத்தான் இருப்பீர்கள். இப்போது யாரோ "அதெல்லாம் பொய்" என்று சொல்லி மனதைக் கெடுத்திருப்பார்கள்.

யார் ஜெயிப்பது என்று அங்கே முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கீழே விழுகிற உடம்பு நிஜமாகவே விழுகிறது.

கர்ட் ஆங்கிள் பிட்ஸ்பர்க்காரர். 1990, 1992 இரண்டு ஆண்டும் அமெரிக்கக் கல்லூரி அளவில் மல்யுத்த சாம்பியன், 1995-இல் உலக சாம்பியன். 1996 ஜனவரியில் அவருக்குப் பயிற்சி கொடுத்துவந்த டேவ் ஷுல்ட்ஸை, அந்தப் பயிற்சி முகாமை நடத்திய கோடீஸ்வரரே சுட்டுக் கொன்றார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் கழுத்து எலும்பில் முறிவு. மரத்துப்போகிற ஊசியைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் தகுதிப் போட்டிகளில் இறங்கினார். அட்லாண்டா ஒலிம்பிக்கில் 100 கிலோ இறுதிப் போட்டியில் ஈரானின் அப்பாஸ் ஜதீதியோடு 1-1 சமநிலை. நடுவர்கள் தீர்ப்பில் தங்கம் கிடைத்தது. மல்யுத்த விரிப்பிலேயே அழுதார்.

இதைச் சொல்லும்போது என் கழுத்தும் ஞாபகம் வருகிறது. கல்லூரியில் 66 கிலோ பிரிவில் நான் குஸ்தி போட்டவன். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் பத்து நாள் முன்பு, பயிற்சியில் ஒரு பையன் என்னைத் தூக்கிப் போட்டான், தலை முதலில் விரிப்பில் குத்தியது. "ஒன்றும் இல்லை, பிடிப்புதான்" என்றார் பயிற்சியாளர். போட்டியன்று காலையில் ஊசி போட்டு இறக்கினார்கள். முதல் ஆட்டத்தை ஜெயித்தேன். இரண்டாவதில் எதிராளி கழுத்தைப் பிடித்து அழுத்தியபோது இடது கை முழுக்க மரத்துவிட்டது. இன்றைக்கும் வண்டி ஓட்டும்போது பின்னால் பார்க்க வேண்டுமென்றால் உடம்பையே திருப்ப வேண்டும். அதன் பிறகு நான்கு மாதம் வலி மாத்திரை இல்லாமல் தூக்கம் வராது. அம்மா ஒருநாள் அட்டையோடு எடுத்துக் குப்பையில் போட்டார். அதோடு நின்றது. (மருத்துவர்கள் யாராவது இதைப் படித்தால் கோபிக்க வேண்டாம், எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.)

அதனால்தான் ஆங்கிளின் பிற்கால வாழ்க்கையை என்னால் சாதாரணமாகப் படிக்க முடிவதில்லை. தங்கம் வாங்கியபின் உடனே அவர் டபிள்யூ.டபிள்யூ.இ. பக்கம் ஓடிவரவில்லை. கொஞ்ச நாள் உள்ளூர் தொலைக்காட்சியில் விளையாட்டுச் செய்தி சொன்னார். 1998-இல்தான் ஒப்பந்தம், 1999 நவம்பரில் அறிமுகம். பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தவரைச் சொந்த நாட்டுக் கூட்டமே கூச்சலிட்டது. அதையே தன் வேஷமாக்கிக்கொண்டு, ஒரு வருடத்துக்குள், 2000 அக்டோபரில், அங்கே பெரிய நட்சத்திரமான தி ராக்கை வீழ்த்திப் பட்டம் வென்றார். 2003-இல் ரெஸில்மேனியா என்ற அவர்களின் வருடாந்தரப் பெரிய நிகழ்ச்சியில் இன்னொரு கல்லூரி சாம்பியனான பிராக் லெஸ்னருடன் மோதியபோது ஆங்கிளின் கழுத்து ஏற்கெனவே மோசமான நிலையில் இருந்தது. அடுத்த மாதமே அறுவை சிகிச்சை. ஒரு கட்டத்தில் நாளைக்கு 65 வலி மாத்திரை வரை விழுங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். 2013-இல் சிகிச்சை மையத்தில் சேர்ந்து மீண்டார். 2019 ஏப்ரலில்தான் கடைசி ஆட்டம்.

ஏன் போனார் என்று கேட்டீர்கள் அல்லவா? பதக்கம் வாங்கிய மல்யுத்த வீரனுக்கு அடுத்த மாதச் சம்பளம் யார் கொடுப்பார்கள்? அமெரிக்காவிலேயே அதுதான் நிலைமை. "பணத்துக்காகப் போனார்" என்று பின்னூட்டத்தில் எழுத வருகிறவர்களுக்கும் இதேதான் பதில். ஆமாம், பணத்துக்காகவும்தான். தெரிந்த ஒரே தொழிலை வைத்துச் சம்பாதிப்பதில் என்ன தப்பு?

இதோடு நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் மனது கேட்கவில்லை. எனக்கும் ஒரு சான்றிதழ் இருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்குப் போனபோது, போட்டியை நடத்திய சங்கத்தின் முத்திரை சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று முறை அலைந்தேன். கடைசியில் கோப்பில் இருந்த அசல் சான்றிதழையே தொலைத்துவிட்டார்கள். நகல் மட்டும் பீரோவில் இருக்கிறது. போன வாரம் என் மகன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, நிஜமாகவே சண்டை போட்டாயா?" என்று கேட்டான். கழுத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.