125 சிசி வண்டியில் ஜோடியாகக் கொடைக்கானல் போகலாமா?

கேள்வி: மதுரை திருநகரில் குடியிருக்கிறேன். தினமும் மாட்டுத்தாவணிப் பக்கம் வேலைக்குப் போய் வருகிறேன். 2019-இல் வாங்கிய 125 சிசி வண்டி, முன்னும் பின்னும் டிரம் பிரேக். 46,000 கி.மீ. ஓடியிருக்கிறது, எல்லாம் ஊருக்குள்தான். அடுத்த மாதம் மனைவியோடு இதிலேயே கொடைக்கானல் போய் இரண்டு நாள் தங்கி வர ஆசை. ‘புல்லட் இல்லாம மலை ஏறாதே’ என்கிறார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். பட்டறை அண்ணனோ ‘தாராளமாப் போயிட்டு வாங்க தம்பி’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: பட்டறை அண்ணன் சொன்னது சரிதான், போகலாம். அந்த ‘தாராளமா’வில்தான் எனக்குச் சம்மதமில்லை.

உங்கள் நண்பர்கள் பயப்படுவது ஏற்றத்துக்கு. அதை முதலில் முடித்துவிடலாம். வத்தலக்குண்டு சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டரில். நடுவில் மலைப்பாதை மட்டும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். கணக்குப் போட்டால் நூறு மீட்டர் போவதற்குச் சராசரியாக மூன்றரை மீட்டருக்கும் குறைவான ஏற்றம். சில இடங்கள் இதைவிடச் செங்குத்து என்றாலும் 125 சிசி மூச்சு வாங்கி நிற்கும் பாதை இல்லை. மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறையும். கொடைக்கானல் உயரத்தில் என்ஜின் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். உங்களுடையது பிஎஸ்4 புகை விதி காலத்து வண்டி, காற்றையும் பெட்ரோலையும் கலக்கக் கார்புரேட்டர் வைத்தது. மெல்லிய காற்றுக்குத் தகுந்தபடி பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. பெருமாள்மலை தாண்டியதும் கொஞ்சம் மந்தமாகத் தெரிந்தால் பழுது என்று பதற வேண்டாம். மூன்றாவது கியர், வளைவுகளில் இரண்டாவது, அவ்வளவுதான். புது புல்லட் 350 கிட்டத்தட்ட 195 கிலோ. வருஷத்துக்கு இரண்டு முறை மலை ஏறுவதற்காக மீதி நாளெல்லாம் அதைச் சிம்மக்கல் நெரிசலில் உருட்ட வேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.

விஷயம் இருப்பது இறக்கத்தில். வண்டி 115 கிலோ, நீங்கள் இருவரும் சேர்ந்து 130, பை 15 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 260 கிலோ. அது 1,800 மீட்டர் கீழே இறங்கும்போது கழிய வேண்டிய ஆற்றலைக் கரண்ட் கணக்கில் சொன்னால் சுமார் ஒன்றேகால் யூனிட். ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸை ஒன்றேகால் மணி நேரம் நிறுத்தாமல் சூடேற்றுவதற்குச் சமம். எதிர்க்காற்றும் சாலை உராய்வும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை என்ஜின் பிடிக்க வேண்டும், அல்லது பிரேக் பிடிக்க வேண்டும். எது பிடிப்பது என்பது நீங்கள் போடும் கியரைப் பொறுத்தது.

டிரம் பிரேக் மூடிய பாத்திரம் மாதிரி. உள்ளே பிறக்கும் சூடு சீக்கிரம் வெளியே வராது. டிரம் சூட்டில் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் ஷூவை விட்டு விலகும், ஷூவின் பிடிப்பும் குறையும், பெடல் ஆழமாக இறங்கும். எனக்கு ஒருமுறை நடந்தது. பல வருஷம் முன்பு கொடைக்கானலிலிருந்து நான்காவது கியரில், வலது காலைப் பெடலில் வைத்தபடியே ஜாலியாக இறங்கிக்கொண்டிருந்தேன். டம்டம் பாறைக்குக் கீழே கருகிய வாடை. முன்னால் போன லாரி என்று நினைத்துக் கொஞ்சம் இடைவெளி விட்டேன். வாடை போகவில்லை. அடுத்த வளைவில் பெடல் அடி வரைக்கும் போனது, வேகம் குறையவில்லை. முன் பிரேக்கும் இரண்டு கியர் குறைத்ததும் சேர்ந்துதான் காப்பாற்றின. ஓரமாக நிறுத்தி வீல் பக்கம் கையைக் கொண்டுபோனால் அனல். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்படி நின்றால் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், காய்ந்த டிரம் விரிசல் விடலாம். தானாக ஆறட்டும்.

அதனால் ஒரு பழைய வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஏறும்போது ஓர் இடத்தை எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, கையையும் காலையும் முழுசாக எடுத்துவிட வேண்டும். லேசாகத் தொட்டுக்கொண்டே வருவதுதான் கெடுதல். விட்டு விட்டுப் பிடித்தால் நடுவில் டிரம் ஆற நேரம் கிடைக்கும். வளைவுக்குள் கிளட்ச் பிடிக்கக் கூடாது. பிடித்த நொடியே என்ஜினின் இழுப்பு போய் வண்டி ஓட ஆரம்பிக்கும். நியூட்ரலில் விட்டு, சாவியையும் அணைத்து, ‘பெட்ரோல் மிச்சம்’ என்று இறங்குகிற ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். மிச்சமாகிற பெட்ரோல் ஒரு டீக் காசு இருக்கும்.

இங்கேதான் உங்கள் 46,000 கிலோமீட்டர் வருகிறது. மலை எதையெல்லாம் கேட்கிறதோ அதையெல்லாம்தான் ஊர் தின்றிருக்கும். பசுமலை, பழங்காநத்தம், பெரியார், சிம்மக்கல், கோரிப்பாளையம் என்று தினமும் இரண்டு வேளை சிக்னலுக்கு சிக்னல் ஊர்ந்து போகிற வண்டியில் கிளட்ச் தேயும், பின் பிரேக் ஷூ தேயும், செயின் நீளும், பின் டயர் நடுவில் மட்டும் தட்டையாகும். ஊருக்குள் முப்பதில் போகும்போது இது எதுவும் தெரியாது. தேய்வது வண்டி மட்டும் இல்லை. நமக்கும் கிளட்ச்சைப் பாதி பிடித்தபடி ஹாஃப் கிளட்ச்சிலேயே ஊர்வது, பின் பிரேக் ஒன்றை மட்டும் நம்புவது, நிற்பதற்கு முன்பே காலைக் கீழே தொங்கவிடுவது என்று சில பழக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். ஹாஃப் கிளட்ச்சில் மலை ஏறினால் கிளட்ச் பிளேட் கருகிவிடும். என்ஜின் உறுமுகிறது, வண்டி அதற்கேற்ப நகரவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது என்று அர்த்தம். கிளம்புவதற்கு முன்பே தெரிந்துகொள்ள, ஏதாவது ஒரு பாலத்து ஏற்றத்தில் மூன்றாவது கியரில் சட்டென்று ஆக்சிலேட்டரைத் திருகிப் பாருங்கள்.

பட்டறைக்குப் போனால் ‘ஜெனரல் சர்வீஸ்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். கூட நின்று பாருங்கள். பின் வீலில் பிரேக் கம்பி வந்து சேரும் இடத்தில், டிரம் மூடியின் மேல் ஒரு சின்ன முள் இருக்கும், பக்கத்தில் ஒரு குறி. பிரேக்கை முழுசாக அழுத்தச் சொல்லிப் பாருங்கள். முள் குறியைத் தொட்டால் ஷூ முடிந்தது. நட்டை இன்னும் இரண்டு சுற்று முறுக்கிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முன்னும் பின்னும் ஷூ மாற்றுங்கள், பெரிய செலவில்லை. மாற்றிய பிறகு சென்டர் ஸ்டாண்டில் போட்டு வீலைக் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். ‘கும்முனு பிடிக்கணும்’ என்று இறுக்கி வைத்தால், பிரேக்கைத் தொடாமலே ஷூ உரசிச் சூடாகும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வண்டிகளில் சிபிஎஸ் கட்டாயம். பின் பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். அந்தக் கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்தால் அது வேலையே செய்யாது. அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

செயினைப் பின் ஸ்பிராக்கெட்டின் கடைசிப் பல் பக்கம் விரலால் வெளியே இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி தெரியுமளவு விலகினால் செயின் செட்டே மாற்ற வேண்டியதுதான். நன்றாக இருந்தால், கீழ்ப்பக்கச் செயின் நடுவில் ஓர் அங்குலம் அளவுக்கு மேலும் கீழும் ஆட வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 3419 என்றால் 2019-இன் 34-ஆவது வாரம் செய்தது. பின் டயரை இதற்குள் ஒருமுறை மாற்றியிருப்பீர்கள். முன் டயர் வண்டியோடு வந்ததாகவே இருக்கும் என்பது என் ஊகம். அதில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று தோன்றும். மதுரை வெயிலில் இத்தனை வருஷம் நின்ற ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஈரச் சாலையில் பிடிக்காது. மாற்றிவிடுங்கள். காற்றழுத்தம் எவ்வளவு என்று செயின் கவரிலோ பக்கத்திலோ ஸ்டிக்கர் இருக்கும். பின் டயருக்குத் தனியாளுக்கு ஓர் அளவு, இருவருக்கு ஓர் அளவு என்று போட்டிருப்பார்கள். காற்று அடிக்கும் தம்பியிடம் இருவர் அளவைச் சொல்லி அடியுங்கள்.

இவ்வளவும் முடிந்ததும் நேராகக் கொடைக்கானல் போகாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகத் திண்டுக்கல் போய்ச் சிறுமலை ஏறி இறங்குங்கள். 18 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இடப்பக்கம் திரும்பும் வளைவுதான் கஷ்டம், உள்பக்கம் செங்குத்தாக இருக்கும். நுழைவதற்கு முன்பே இரண்டாவதோ முதலாவதோ போட்டு, உங்கள் பாதியின் வெளியோரமாகவே சுற்றி வாருங்கள். முன் சக்கரத்தடியைப் பார்க்காமல் வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். வலப்பக்கம் திரும்பும்போது எதிர்ப்பாதியைக் குறுக்கே வெட்டிப் போக ஆசை வரும். எதிரே பஸ் வந்தால் அதற்கு முழுச் சாலையும் வேண்டும். பஸ்ஸின் தலை தெரிந்ததும் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்றுவிடுங்கள். அகலம் போதாத இடத்தில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதலிடம் என்பது விதி. இறங்கும்போது நீங்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். அடுத்த ஞாயிறு மனைவியையும் கூட்டிக்கொண்டு அதே மலைக்குப் போங்கள். வண்டி எவ்வளவு மாறிப்போகிறது என்று அப்போது தெரியும்.

அவர் சேலையில் ஒருக்களித்து உட்காருவது ஊருக்குள் பழக்கமாக இருக்கலாம். மலைக்கு அது வேண்டாம். எடை ஒருபக்கம் சாய்வதோடு, முந்தானை சக்கரத்தில் மாட்டினால் இழுத்துவிடும். சுடிதாரோ பேண்ட்டோ போட்டு இருபுறமும் கால் போட்டு உட்காரட்டும், துப்பட்டாவை முடிந்துவிடட்டும். உங்கள் பழைய ஹெல்மெட்டை அவருக்கு மாட்டிவிடாமல், ஐஎஸ்ஐ முத்திரையோடு அவர் தலைக்குப் பொருந்தும் ஒன்றை வாங்குங்கள். வளைவில் நீங்கள் சாயும் பக்கமே அவரும் சாய வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி வெளியே இழுக்கும். கனமான பையைப் பின்னால் கேரியரில் தொங்கவிட்டால் முன் சக்கரம் லேசாகிவிடும். டேங்க் மேல் வைத்துக் கட்டுங்கள், ஹேண்டில் திருப்ப இடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயண நாள் அதிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் போதும். கப்பலூர் பக்கம் நான்குவழிச் சாலையில் ஏறிவிட்டால் ஊருக்குள் வராமலே சமயநல்லூர், வாடிப்பட்டி வழியாகக் கொடைரோடு, அங்கிருந்து நிலக்கோட்டை, வத்தலக்குண்டு. அறுபதுக்கு மேல் முறுக்க வேண்டியதில்லை. வாடிப்பட்டிப் பக்கம் அறுவடைக் காலத்தில் பின்விளக்கில்லாத டிராக்டர்கள் வைக்கோலோடு போகும், ராங் சைடில் டிவிஎஸ் 50-யும் வரும். இருட்டு முழுசாக விலகும் வரை நிதானம். வத்தலக்குண்டில் டிபன் சாப்பிட்டு, டேங்கை நிரப்பிக்கொண்டு, எட்டு மணிக்குள் மலைப்பாதையைப் பிடித்தால் கூட்டத்துக்கு முன்னால் போய்விடலாம். கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறை இருக்கிறது. முதல் நாளே எடுத்துவிடுங்கள். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அங்கே கெடுபிடி உண்டு.

பனிமூட்டம் இறங்கினால் ஹைபீம் போடாதீர்கள். வெளிச்சம் மூட்டத்தில் பட்டு உங்கள் கண்ணிலேயே அடிக்கும், லோ பீம்தான் சாலையைக் காட்டும். திரும்பும் நாளில் ‘மதியம் சாப்பிட்டுக் கிளம்பலாம்’ என்று இருக்காமல் காலையிலேயே இறங்கிவிடுங்கள். மழையும் மூட்டமும் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். இருட்டினால் காட்டுமாடு ரோட்டில் நிற்கும். அதற்கு ஹாரனெல்லாம் ஒரு பொருட்டில்லை.

அப்புறம், அன்று காலைக் குளிரில் வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகாது. செல்ஃபை நீளமாக அமுக்கி பேட்டரியைக் காலி பண்ணாதீர்கள். சோக்கை இழுத்துவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிக்கரை நாலு உதை. பிடித்ததும் ஒரு நிமிஷம் அப்படியே ஓடவிட்டு, சோக்கை மறக்காமல் தள்ளிவிட்டு, இரண்டாவது கியரில் இறங்க ஆரம்பியுங்கள்.