பால் வெள்ளைச் சாமந்தி

அன்புள்ள அக்காவுக்கு,

கடல்நீர்த் தொட்டி வைத்து ஆறு வாரம் ஆகிறது. இரண்டு கிளீனர் இறால் வளர்க்கிறேன். போன வாரம் ஒரு கடல் சாமந்தி வாங்கினேன், பூப்போல விரியும் கடல் உயிர். பால் வெள்ளை, நுனி மட்டும் ஊதா. கடையில் இருந்ததிலேயே அதுதான் அழகு. இரண்டையும் சேர்த்து வைக்கலாமா? சாமந்தி இறாலைத் தின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதற்குள் குடியிருக்கும் கோமாளி மீன் இல்லாமல் சாமந்தி பிழைக்குமா? எந்தக் கம்பெனி உப்பு நல்லது?

ச., கோவை

அன்புள்ள தம்பி,

சேர்த்து வைக்கலாம். ஆரோக்கியமான இறால் சாமந்தியிடம் சிக்குவது அபூர்வம். கோமாளி மீன் இல்லாமலும் சாமந்தி பிழைக்கும். உப்பு எந்தக் கம்பெனியாக இருந்தால் என்ன, அளந்து கலந்தால் சரி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது உங்கள் கடிதத்தின் நாலாவது வரி. பால் வெள்ளை என்று எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள்! இந்த வெள்ளைச் சாமந்திகளைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கடைகளில் அவற்றைத்தான் முன்வரிசையில் வைக்கிறார்கள்.

அது அதன் நிறம் இல்லை, தம்பி. சாமந்தியின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை சமைக்கும் உணவில் பெரும்பங்கு சாமந்திக்குப் போகிறது. அதன் பழுப்பு நிறமும் அந்தப் பாசியால் வருவதுதான். தண்ணீர் சூடேறினாலோ, பிடுங்கிப் பையில் கட்டி இருட்டில் நாள்கணக்கில் வைத்தாலோ பாசி வெளியேறிவிடும். மிஞ்சுவது வெறும் வெள்ளைச் சதை. நீங்கள் அழகு என்று காசு கொடுத்து வாங்கி வந்தது பட்டினி கிடக்கும் ஓர் உயிரை. ஆறு வாரத் தொட்டியில் அதைக் கொண்டுபோய் விட்டிருக்கிறீர்கள். தண்ணீர் நிலைப்பட ஆறு மாதமாவது ஆக வேண்டாமா? யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

என் அம்மாவின் ஊர் மண்டபம் பக்கம். கடல் உள்வாங்கும் நேரத்தில் முழங்கால் தண்ணீரில் சித்தப்பா என்னைக் கூட்டிப்போவார். கடற்புல்லுக்கு நடுவே, மணலோடு மணலாக, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சாமந்தி விரிந்திருக்கும். வெள்ளையாக ஒன்றைக்கூட அங்கே பார்த்ததில்லை. பழுப்பு, சாம்பல், சிலதில் பச்சை ஓடும். விரலை வைத்தால் பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று பிடித்துக்கொள்ளும். அதன் கொட்டும் நுண்ணிழைகள் நம் தடித்த தோலில் பாய்கிற உணர்வு அது. ஓரத்தில் ஓர் இறால் நிற்கும். உடல் முழுக்கக் கண்ணாடி, அங்கங்கே சுண்ணாம்புத் திட்டு, வாலில் கறுப்பு விளிம்பு கட்டிய ஆரஞ்சுப் பொட்டுகள். நிழல் விழுந்ததும் சாமந்தியின் மடிப்புக்குள் போய்விடும். "தொட்டுப் பாரு, பிடுங்காதே" என்பார் சித்தப்பா. பிடுங்கினால் அடிப்பாதம் கிழியும், அப்புறம் அது தேறாது என்று அவருக்குத் தெரியும்.

உங்கள் கிளீனர் இறால் அந்த ஜாதி இல்லை. அது மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்து பிழைப்பது. சாமந்தி அதைத் தின்றுவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். நீங்கள் பயப்பட வேண்டியது சாமந்திக்காக. அது பாதி விழுங்கிய இரையைக்கூட இந்த இறால் வாய்க்குள் காலை விட்டு இழுத்துக்கொண்டு ஓடும். பாசி இல்லாத சாமந்திக்கு வாயால் கிடைக்கும் உணவுதான் கதி, அதையும் இது திருடிவிடும். அதனால் முதலில் தொட்டியின் மறுமூலையில் இறால்களுக்குப் போடுங்கள். பிறகு ஒரு தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, ஓட்டைகள் போட்டு, சாமந்தியின் மேல் கவிழ்த்து வையுங்கள். சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பச்சை இறால் சதையைப் பாட்டிலின் வாய் வழியே இடுக்கியால் கொடுங்கள். முழுசாக விழுங்கும்வரை பாட்டிலை எடுக்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு முறை போதும். விளக்கைப் படிப்படியாகக் கூட்டுங்கள். பாசி திரும்ப மாதக்கணக்கில் ஆகும்.

ஸ்காட்லாந்தில் 1828-ல் சர் ஜான் டேலியல் என்பவர் நார்த் பெர்விக் கடற்கரையிலிருந்து ஒரு சிவப்புச் சாமந்தியைக் கொண்டுவந்து கண்ணாடிக் குவளையில் வைத்தார். பம்ப் கிடையாது, மின்விளக்கு கிடையாது. பாசி இல்லாத ஜாதி அது, விளக்கு தேவையில்லை. கடல்நீரை மாற்றுவதும் இரை கொடுப்பதும்தான் வேலை. 1851-ல் டேலியல் இறந்துபோனார். குவளை அடுத்தவர் கைக்குப் போனது, அவருக்குப் பின் இன்னொருவர் கைக்கு. 'கிரானி', அதாவது பாட்டி என்று பெயர் வைத்து எடின்பரோவில் பொத்திப் பொத்திக் காத்தார்கள். 1887 வரை அது உயிரோடு இருந்தது. வளர்த்தவர்களை வரிசையாக வழியனுப்பிய அந்தப் பாட்டியை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நம்மவர் தொட்டிகளில் வயதாகிச் செத்த ஒரு சாமந்தியை நான் இதுவரை பார்த்ததில்லை. பசியில் சாகிறது, தண்ணீரைச் சுழற்றும் பம்பான பவர்ஹெட்டில் சிக்கி அரைபடுகிறது, மீனுக்கு ஊற்றிய செம்பு மருந்தில் கரைகிறது. கோமாளி மீனையாவது தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள், மண்டபம் ஆராய்ச்சி நிலையத்திலேயே செய்து காட்டினார்கள். கடைக்கு வரும் சாமந்தி பெரும்பாலும் கடலில் பிடுங்கியது. ஒன்று செத்தால் அடுத்ததை வாங்குகிறோம், அதற்காக இன்னொன்றைப் பிடுங்குகிறார்கள்.

பவர்ஹெட் வாயில் இன்றே ஸ்பாஞ்சு கட்டுங்கள், சாமந்தி இரவில் நகரும். வாய் பிளந்து நாற்றம் அடித்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தொட்டியே அழுகிவிடும். பழுப்பேறினால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். இது போய்விட்டது, வேறு வாங்கிவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா