சேமிக்கும் முன்பே மின்சாரம் போய்விட்டது. வரைந்த ஓவியம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் நான்கு மணி நேரமாக வரைந்துகொண்டிருந்தேன். கோப்புக்கு இன்னும் பெயர்கூடக் கொடுக்கவில்லை. மின்சாரம் போய்க் கணினி அணைந்துவிட்டது. மீட்க வழி உண்டா? இனி இப்படி நேராமல் இருக்க என்ன செய்வது?

பதில்: பெரும்பகுதி கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதுவரை அந்தக் கணினியில் தற்காலிகக் கோப்புகளைத் துடைக்கும் எந்த வசதியையும் இயக்காதீர்கள். நீங்கள் தேடுவது அந்தக் குப்பைக்குள்தான் இருக்கும்.

கிரிட்டா தானாகவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு நகலை எழுதி வைக்கும். இந்த இடைவெளியை அமைப்பில் மாற்றலாம். எனவே முதலில் கிரிட்டாவைத் திறந்து பாருங்கள். மீட்கக்கூடிய கோப்புகள் இருந்தால் அதுவே கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிடாதீர்கள். எதுவும் கேட்கவில்லையென்றால், விண்டோஸில் தற்காலிகக் கோப்புகள் சேரும் டெம்ப் கோப்புறையையும் லினக்ஸில் உங்கள் ஹோம் கோப்புறையையும் பாருங்கள். மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டும்படி அமைத்துவிட்டு, பெயரில் 'ஆட்டோசேவ்' என்ற ஆங்கிலச் சொல் வருகிறதா என்று தேடுங்கள். கிடைத்ததை உடனே வேறு இடத்துக்கு நகலெடுத்து, அந்த நகலையே திறங்கள்.

நகல் திறக்க மறுத்தாலும் கைவிட வேண்டாம். கிரிட்டாவின் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால், உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த எல்லா அடுக்குகளும் ஒன்றான ஒரு பிஎன்ஜி படம் இருக்கக்கூடும். அடுக்குகள் போனாலும் அதன்மேல் தொடர்ந்து வரையலாம்.

போட்டோஷாப்பில் இதே வேலையை ஆட்டோரெக்கவர் என்ற கோப்புறை செய்கிறது. அங்கே இயல்பான இடைவெளி 10 நிமிடம். கிளிப் ஸ்டுடியோ பெயின்டும் மீட்பு நகல்களைத் தனிக் கோப்புறையில் வைக்கும்.

இவையெல்லாம் கணினி திடீரென அணைந்தால்தான் உதவும். 'சேமிக்க வேண்டாம்' என்று நாமே அழுத்திவிட்டால், மென்பொருள் நம் சொல்லைக் கேட்டு மீட்பு நகலையும் அழித்துவிடுகிறது. எனக்கு நேர்ந்தது அதுதான். இரண்டு ஓவியங்கள் திறந்திருந்தன. சோதனைக்குக் கிறுக்கியதை மூடுவதாக நினைத்து, என் பாட்டியின் முகத்தை மூடிவிட்டேன். போட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருளை இரவெல்லாம் ஓடவிட்டேன். என்னுடையது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமே இல்லாத சேமிப்பகம். அழித்த இடத்தை அது விரைவில் காலி செய்துவிடுவதால் ஒன்றும் கிடைக்கவில்லை. பழைய சுழலும் வன்தட்டு என்றால் அந்த முயற்சிக்குப் பொருள் உண்டு. ஆனால் மீட்பதை அதே தட்டில் எழுதக் கூடாது.

அன்றிலிருந்து, வெற்றுத் தாள் திறந்தவுடன் ஒரு கோடு போடுவதற்கு முன்பே பெயர் கொடுத்துச் சேமித்துவிடுகிறேன். இதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெயர் உள்ள கோப்பென்றால் கிரிட்டாவின் தானியங்கி நகல் அதே கோப்புறையில் பக்கத்திலேயே இருக்கும். நீங்கள் மறுபடி சேமிக்கும்போது, பெயரின் முடிவில் ~ குறியோடு முந்தைய நிலையும் காப்பாற்றப்படும். இடைவெளியை 2 அல்லது 3 நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கோட்டுருவம் முடிந்ததும் ஒன்று, வண்ணம் தொடங்கும்முன் ஒன்று என எண்ணிட்ட பதிப்புகளாகவும் சேமியுங்கள். கிரிட்டாவில் கண்ட்ரோல், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எண் தானாகவே கூடும். கெட்டுப்போன கோப்பின்மேல் மீண்டும் மீண்டும் சேமிப்பதால் பயனில்லை என்பதால் இது முக்கியம்.

முடிந்த ஓவியங்களுக்குப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 முறை போதும்: மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறோர் இடத்தில். மேகச் சேமிப்பில் ஒத்திசைப்பதை மட்டும் நம்பாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பழைய பதிப்புகளை அது எத்தனை நாள் வைத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எதுவுமே கிடைக்காமல் போனால், இன்றே மறுபடி வரையத் தொடங்குங்கள். எந்த நிறத்தின்மேல் எந்த நிறம் வைத்தீர்கள், எந்தக் கோட்டைத் திருத்தினீர்கள் என்பதெல்லாம் இப்போது கையில் இருக்கிறது. நான் ஒரு வாரம் வருந்திவிட்டுப் பிறகு உட்கார்ந்தேன். பாட்டியின் கண்கள் வந்தன, அந்தச் சிரிப்பு வரவில்லை.