கூட இருக்கிறவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் கிளைச் செயலாளர். கட்சிப் பெயர் வேண்டாம், எந்தக் கட்சியானாலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். 1954-ல் முதல்வர் காமராஜர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றபோது என் தாத்தா சைக்கிளில் ஊர் ஊராகப் போய் ஓட்டு கேட்டவர். அப்பா வேறு கட்சிக்கு வந்தார். நான் அதே கட்சியில் சுவரெழுத்து எழுதி, கொடி கட்டி, பூத்தில் உட்கார்ந்து வளர்ந்தவன்.

போன மாதம் ஒரு டிவி விவாதத்தில் பீடித் தொழில் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் செய்தித் தொடர்பாளர், "எப்படியும் அழியப்போகிற தொழில், அதைப் பிடித்துத் தொங்கி என்ன ஆகப்போகிறது" என்று சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போகிற வழியில் ஒரு அக்கா மடியில் இருந்த முறத்தைக்கூட இறக்காமல் கேட்டார்கள்: "இன்னாப்பா, உங்க ஆளு எங்க பொழப்பு போனா போவட்டும்னு சொல்லிக்கினு கீறாரு. ஓட்டு கேக்க எங்க ஊட்டாண்ட வருவியா நீ?" பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். மூன்று நாள் கழித்து, "அது அவருடைய சொந்தக் கருத்து" என்று தலைமையிலிருந்து ஒரு வரி வந்தது. அதே ஆள் இப்போதும் டிவியில் உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொரு பக்கம் தலைமை அமர்த்திய தேர்தல் ஆலோசனை நிறுவனத்துப் பையன்கள் டேப் வைத்துக்கொண்டு வருகிறார்கள். என் பூத்தை 'சி' பூத் என்று போட்டிருக்கிறார்களாம். எந்த வீட்டில் யார் பெங்களூரு வேலைக்குப் போயிருக்கிறார்கள், யார் ஓட்டுப் போட வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேட்பாளரும் அவர்கள் சர்வேப்படிதானாம்.

தலைவர் நல்லவர். கூட இருக்கிறவர்கள்தான் சரியில்லை. உண்மை எதுவும் அவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இவர்களை நம்பி இந்தத் தேர்தலிலும் பூத்தில் உட்காரவேண்டுமா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ச., குடியாத்தம்

*

அன்புள்ள ச.,

உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் கடைசிப் பத்தியின் முதல் இரண்டு வாக்கியங்களை நான் ஏற்கவில்லை. அவற்றைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

"தலைவர் நல்லவர், கூட இருக்கிறவங்கதான் சரியில்ல." காட்பாடியிலிருந்து வாணியம்பாடி வரை எந்தக் கரைவேட்டியும் சொல்கிற வாக்கியம் இது. தொண்டனுக்கு இது ஏன் தேவைப்படுகிறது என்பது எனக்குப் புரிகிறது. வாலிபம், சம்பாத்தியம், சொந்தக்காரர்களோடு இருந்த உறவு என்று எத்தனையோ ஒரு பெயருக்காகப் போயிருக்கிறது. அந்தப் பெயரையே சந்தேகப்பட்டால் போனதெல்லாம் வீண் என்று ஆகிவிடும். அதனால் கோபம் தலைவரைத் தொடாமல் பக்கத்து நாற்காலியில் போய் விழுகிறது. ஆனால் அந்த நாற்காலியைப் போட்டவர் யார்? செய்தித் தொடர்பாளர் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர் யார்? ஆலோசனை நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது யார்?

அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். உங்கள் கதைக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது.

டெக்ஸாஸைச் சேர்ந்த ரான் பால், பிரசவ மருத்துவர், பல முறை நாடாளுமன்ற உறுப்பினர். 2008, 2012 தேர்தல்களுக்குக் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்றார். பெரிய பணக்காரர்கள் பின்னால் இல்லை. இருந்தது தொண்டர்கள். 2007 நவம்பர் 5 அன்று, தலைமை கேட்காமலேயே, தொண்டர்கள் தாங்களாகப் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் சுமார் 42 லட்சம் டாலர் நன்கொடை சேர்த்துக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் டிசம்பர் 16-ல் இன்னொரு நாள், சுமார் 60 லட்சம். அன்றைய அரசியல்வாதிகள் வாயடைத்துப் போனார்கள்.

இந்தத் தொண்டர்களுக்குத் தலைவர் மேல் அவ்வளவு பக்தி, அவருடைய பிரசாரக் குழு மேல் அவ்வளவு அவநம்பிக்கை. முக்கியமாக ஜெஸ்ஸி பென்டன் என்பவர் மேல். 2008-ல் செய்தித் தொடர்பாளர், 2012-ல் பிரசாரத் தலைவர். தலைவர் கொள்கையை இவர் மழுப்புகிறார், எதிரணியோடு சமரசம் பேசுகிறார், தொண்டனை மதிப்பதில்லை என்று புகார் மேல் புகார். தலைவருக்கு இதெல்லாம் தெரியாது என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். பென்டன் ரான் பாலின் பேத்தியைக் கல்யாணம் செய்தவர். தன் வீட்டு மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று தாத்தாவுக்குத் தெரியாதா?

2012 ஜனவரி 3-ல் அயோவா மாநிலத்தில் கட்சி உறுப்பினர்கள் கூடி ஓட்டுப் போட்டார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு கென்ட் சோரன்சன் என்ற மாநில செனட்டர், தான் ஆதரித்துவந்த வேட்பாளரை விட்டுவிட்டு ரான் பால் மேடைக்குத் தாவினார். கொள்கைப் பற்று என்று தொண்டர்கள் கைதட்டினார்கள். அந்தத் தாவலுக்கு 73,000 டாலர் கொடுத்து, அதை வேறு ஒரு நிறுவனம் வழியாகச் சுற்றிவிட்டு, கணக்கில் வீடியோ செலவு போல எழுதியிருந்தார்கள். 2016-ல் பென்டனும் பிரசாரக் குழுவின் இன்னும் இரண்டு பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ரான் பால் மேல் வழக்கு இல்லை. 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் பென்டனுக்கு மன்னிப்பு கொடுத்தார். ரஷ்யாக்காரர் ஒருவரின் பணத்தை அமெரிக்கத் தேர்தல் நிதிக்குள் கொண்டுபோன இன்னொரு வழக்கில், 2022-ல் மறுபடி குற்றவாளி என்று தீர்ப்பு.

2012 தேர்தல் முடிவதற்குள்ளேயே பென்டன் வேறு இடத்துக்குப் போய்விட்டார். எந்தக் கட்சி மேலிடத்தை எதிர்த்து ரான் பால் தொண்டர்கள் தெருவில் நின்றார்களோ, அதே மேலிடத்தின் பெரிய புள்ளியான செனட்டர் மிட்ச் மெக்கானலுக்குத் தேர்தல் மேலாளராக. அங்கே இரண்டு வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டுவதாக அவரே போனில் பேசியது 2013-ல் வெளியே வந்தது.

தொண்டர்கள் செய்ததையும் சொல்லவேண்டும். அயோவாவில் ஓட்டில் ரான் பாலுக்குக் கிடைத்தது மூன்றாவது இடம். அதன்பிறகு டிவி கேமரா எல்லாம் அடுத்த மாநிலத்துக்குப் போய்விட்டது. தொண்டர்கள் போகவில்லை. வட்டார மாநாடு, மாவட்ட மாநாடு, மாநில மாநாடு என்று ஒவ்வொன்றிலும் கடைசிவரை உட்கார்ந்து, விதிப் புத்தகத்தைப் படித்து, முறைப்படி ஓட்டுப் போட்டு, அதிபர் வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கிற தேசிய மாநாட்டுக்குப் போன அயோவா பிரதிநிதிகள் 28 பேரில் 22 பேரைத் தங்கள் ஆட்களாக்கினார்கள். மேலே இருந்தவர்கள் காசு கொடுத்து வாங்கியது ஒரே ஒரு ஆளை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி நம்மூர். உங்களுக்குக் கசப்பாக இருக்கும், இருந்தாலும் எழுதியாக வேண்டும். தலைவர்கள் வெளி ஆலோசகர்களைத் தேடிப் போனதற்கு ஒரு காரணம் கட்சிக்குள்ளேயே இருக்கிறது. கிளை ஒன்றியத்துக்குச் சொல்வது, ஒன்றியம் மாவட்டத்துக்குச் சொல்வது, மாவட்டம் தலைமைக்குச் சொல்வது, எல்லாம் "நம்ம பக்கம் அலை அடிக்குது தலைவரே" என்பதுதான். கெட்ட செய்தி சொன்னவனுக்குப் பதவி நிலைக்காது. தோற்றபிறகுதான் உண்மை தெரியும். அப்புறம் ஒரு தலைவர், எனக்குப் பயப்படாத ஆள் யாராவது கணக்கு எடுத்துக் கொடுக்கட்டும் என்று நினைத்தால் அதை முழுத்தப்பு என்று சொல்ல முடியாது.

வேலூர்க் கோட்டையிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1806 ஜூலை 10 எழுச்சிக்குச் சில வாரம் முன்பே முஸ்தபா பேக் என்ற சிப்பாய், படைக்குள் என்ன நடக்கிறது என்று ஆங்கிலேய அதிகாரியிடம் போய்ச் சொன்னான். அதை விசாரிக்கும் பொறுப்பை அதே படையின் இந்திய அதிகாரிகளிடமே கொடுத்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தது. முஸ்தபா பேக்கை அடைத்து வைத்தார்கள். என் மனசு அந்தச் சிப்பாய்கள் பக்கம்தான், தலைப்பாகையையும் தாடியையும் நெற்றிக் குறியையும் காக்க எழுந்தவர்கள் பக்கம். நான் சொல்லவருவது செய்தி மேலே போகிற வழியைப் பற்றி மட்டும். யார் விசாரிக்கிறார்களோ அவர்களுக்கு எது சௌகரியமோ அதுவே அறிக்கையாகிறது.

சரி, வெளியிலிருந்து வந்தவர் சொல்வதாவது முழு உண்மையா? ஆலோசனை என்பது வக்கீல் தொழில் மாதிரி, இன்று இந்தக் கட்சிக்காரர், நாளை அந்தக் கட்சிக்காரர். பிரசாந்த் கிஷோர் 2014-ல் மோடிக்கு வேலை செய்தார், 2015-ல் பிஹாரில் மோடியை எதிர்த்த நிதிஷுக்கு, 2021-ல் இங்கே தி.மு.க.வுக்கும் வங்காளத்தில் மம்தாவுக்கும். ஒவ்வொன்றிலும் ஜெயித்தார். பிறகு தானே ஒரு கட்சி கட்டி, 2025-ல் பிஹார் முழுக்கப் போட்டியிட்டபோது ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. சர்வேயும் வாசகமும் அவரிடம் இல்லாமல் இல்லை. மற்ற தேர்தல்களில் அவருக்குக் கீழே கிளை, வட்டம், ஒன்றியம் என்று உங்களைப்போல லட்சம் பேர் ஏற்கெனவே இருந்தார்கள். இந்த முறை அது இல்லை.

உங்கள் தொகுதிக் கணக்கையே எடுங்கள். வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் 2019 ஏப்ரலில் பணம் பிடிபட்டு ரத்தாகி ஆகஸ்ட் 5-ல் நடந்தது. வித்தியாசம் 8,141 ஓட்டு. சுமார் 1,500 சாவடி என்று வைத்தால் ஒரு சாவடிக்கு ஐந்தாறு ஓட்டு. 2021-ல் காட்பாடி சட்டமன்றத் தொகுதியில் வித்தியாசம் ஆயிரத்துக்கும் கீழே. பெங்களூரில் கம்பி கட்டுகிற பையனுக்கு முதல் நாள் ராத்திரி போன் போட்டு, "காலைல மொத வண்டிய புடிச்சி வாடா" என்று கூப்பிடுகிற ஆள் ஒருவர் பூத்துக்கு இருந்தால் இந்தக் கணக்கு மாறும். உங்கள் பூத்தை 'சி' என்று போட்டவருக்கு அந்தப் பையனின் நம்பர் தெரியாது.

செய்தித் தொடர்பாளர் விஷயத்தில் எனக்கு இரக்கமே இல்லை. "சொந்தக் கருத்து" என்று தலைமை சொன்னது உங்களை அவமதித்த வார்த்தை. அவருடைய சொந்தக் கருத்தைக் கேட்க எந்த டிவியும் கார் அனுப்பவில்லை. திரையில் அவர் பெயருக்குக் கீழே கட்சிப் பெயரைப் போட்டார்கள். நனைத்த இலையை அச்சு வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் கணக்குச் சேர்ந்தால்தான் கூலி. அதிலும் கட்டு சரியில்லை என்று கழிப்பதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு. பீடி உடம்புக்குக் கெடுதல் என்பதில் சந்தேகமே வேண்டாம், சுற்றுகிறவர்களுக்கும் கெடுதல். ஆனால் அந்த அக்காவுக்கு மாற்று வேலை என்ன என்று ஒரு வரி சொல்லாமல் தொழில் அழியட்டும் என்று பேச யாருக்கும் உரிமை இல்லை. அதைப் பேசியவர் நாற்காலியில் நீடிக்கிறார் என்றால், அந்தப் பேச்சு தலைமைக்குச் சம்மதம் என்றுதான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் முதலில் அந்த அக்கா வீட்டுக்குப் போங்கள். "அவர் சொன்னது தப்பு, நான் ஒத்துக்கலக்கா" என்று சொல்லுங்கள். கட்சிக்குத் துரோகம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். அந்தத் தெருவில் கட்சி என்றால் நீங்கள்தான்.

அடுத்தது, உங்கள் கட்சியின் சட்டதிட்டப் புத்தகம் ஒன்றை வாங்குங்கள். உண்மையாகவே வாங்கிப் படியுங்கள். கிளைக்கு என்ன அதிகாரம், பொதுக்குழுவுக்குத் தீர்மானம் எப்படி அனுப்புவது என்று எல்லாக் கட்சியிலும் எழுதிவைத்திருக்கிறார்கள். அ.தி.மு.க.வில் பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2022-ல் தலைமைச் சண்டை நீதிமன்றத்துக்குப் போனபோதுதான் பல பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வந்தது. உங்கள் பூத் கமிட்டியைக் கூட்டி, பீடி விஷயத்தில் கட்சியின் நிலை என்ன, அந்த ஆள் ஏன் இன்னும் பேசுகிறார், வேட்பாளர் தேர்வில் கிளைகளைக் கேட்பீர்களா என்று மூன்று கேள்வி எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். செய்தித் தொடர்பாளருக்கோ ஆலோசகருக்கோ மாவட்டத்துக்கோ வேண்டாம். தலைவர் பெயருக்கு அனுப்புங்கள். ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். பக்கத்து ஊர்க் கிளைகளும் இதையே செய்தால் நல்லது, கேட்டுப் பாருங்கள்.

தலைவருக்கு உண்மை போய்ச் சேரவில்லை என்ற பேச்சு அதோடு தீரும். போய்ச் சேர்ந்தபிறகு அவர் என்ன செய்கிறார் என்பதுதான் அவர் எப்படிப்பட்டவர் என்பதற்குப் பதில்.

பூத்தில் உட்காரவேண்டுமா என்று கேட்டீர்கள். இன்றைக்கு முடிவு எடுக்க வேண்டாம். வாக்காளர் பட்டியலை மட்டும் இப்போதே சரிபாருங்கள். அது கட்சி வேலை என்பதைவிட ஊர் வேலை. செத்தவர் பெயர் இருக்கிறதா, உயிரோடு இருப்பவர் பெயர் போய்விட்டதா என்று வீடு வீடாகப் பாருங்கள். முகவர் படிவத்தில் கையெழுத்துப் போடுவதை, அந்தத் தபாலுக்குப் பதில் வருகிறவரை தள்ளிவையுங்கள். ஒன்றியம் அவசரப்படுத்தினால் காரணத்தை நேராகச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள். வராவிட்டால் அதையும் எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.