சிலுவையை வணங்கக் கூடாது என்று கிறிஸ்தவர்களே சிலர் சொல்வது ஏன்?

இயேசுவை உயிராய் நேசிக்கிற நண்பர் ஒருவர், கழுத்தில் சிலுவை போட மாட்டேன், அதன் முன் முழங்கால் போடவே மாட்டேன், அது விக்கிரகம் என்கிறாராம். இது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சிலுவை வைத்திருக்கிற சபையைச் சேர்ந்தவன், என் அறையிலும் ஒன்று இருக்கிறது. ஆனாலும் உங்கள் நண்பர் பக்கம் பலமான நியாயம் இருக்கிறது, அதை விசுவாசக் குறைவு என்று தள்ளிவிடாதீர்கள்.

அடிப்படை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பத்துக் கட்டளைகளில் சொரூபத்தை உண்டாக்காதே, அதை நமஸ்கரிக்காதே என்று வருகிறது. "நான் சிலுவையை வணங்கவில்லை, அதில் மரித்தவரைத்தான் வணங்குகிறேன்" என்று இதற்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இந்தப் பதில் எசேக்கியா ராஜாவிடம் எடுபடாது என்பதுதான் என் சங்கடம்.

வனாந்தரத்தில் பாம்பு கடித்து ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது ஒரு வெண்கலச் சர்ப்பத்தைச் செய்யச் சொன்னதே கடவுள்தான். மோசே செய்து கம்பத்தில் தூக்கி வைத்தார், அதைப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள் (எண்ணாகமம் 21). பல நூற்றாண்டு கழித்து ஜனங்கள் அதே சர்ப்பத்துக்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா அதை உடைத்துப் போட்டார், அதற்காக வேதம் அவரைப் பாராட்டவே செய்கிறது (2 இராஜாக்கள் 18). கடவுள் சொல்லிச் செய்த பொருள், உண்மையிலேயே உயிர் காத்த பொருள், மோசேயின் கைபட்டது. அதற்கே அந்த முடிவு என்றால், யாரும் கட்டளையிடாமல் நாமாகச் செய்து வைத்துக்கொண்ட ஒரு சிலுவைக்கு என்ன பாதுகாப்பு? இயேசு தாம் உயர்த்தப்படப்போவதை இந்தச் சர்ப்பத்தோடுதான் ஒப்பிடுகிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள் (யோவான் 3:14). சிலுவைக்கு எதிராகச் சொல்லப்படுகிறவற்றில் எனக்கு மிகக் கனமாகத் தோன்றுவது இதுதான்.

"புறஜாதி மதங்களிலிருந்து வந்த சின்னம், கான்ஸ்டன்டைன் கொண்டுவந்து திணித்தது" என்பதும் அடிக்கடி கேட்கிற வாதம். (கான்ஸ்டன்டைன் 4ஆம் நூற்றாண்டின் ரோமப் பேரரசர்.) இது அவ்வளவு நிற்காது. ரோமர்களுக்குச் சிலுவை அடிமைகளையும் கலகக்காரர்களையும் கொல்கிற கருவி. யூதருக்கோ, மரத்தில் தூக்கப்பட்டவன் சபிக்கப்பட்டவன் என்று உபாகமமே சொல்கிறது. அதனால் ஆரம்பக் கிறிஸ்தவர்கள் கல்லறைகளில் மீனும் நங்கூரமும் நல்ல மேய்ப்பனும்தான் அதிகம் வரைந்தார்கள், சிலுவையில் தொங்கும் இயேசுவை வரையவே தயங்கினார்கள். ரோமாபுரியின் பாலடைன் குன்றில் ஒரு சுவர்க் கிறுக்கல் கிடைத்திருக்கிறது, சுமார் 200ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்வார்கள். சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் உருவம், பக்கத்தில் ஒருவன் கை உயர்த்தி நிற்கிறான், கீழே "அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்" என்று கிரேக்கத்தில் கோணல் மாணலாகக் கிறுக்கியிருக்கிறது. சிலுவையில் அறையப்பட்டவரைக் காட்டும் மிகப் பழைய படங்களில் ஒன்று நம்மைக் கேலி செய்ய வரைந்தது. அலெக்சாமெனோஸ் யாரோ, என்ன பாடுபட்டாரோ, நினைத்தால் எனக்கு மனம் கனத்துப்போகும்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் மினுசியஸ் ஃபெலிக்ஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதிய உரையாடலில் ஒரு கிறிஸ்தவர், நாங்கள் சிலுவைகளை வணங்குவதுமில்லை, விரும்புவதுமில்லை என்று பதில் சொல்கிறார். அக்காலத்து இன்னொரு கிறிஸ்தவ எழுத்தாளரான தெர்துல்லியனோ, வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் விளக்கேற்றும்போதும் படுக்கும்போதும் நெற்றியில் சிலுவை அடையாளம் போடுகிறோம் என்கிறார். இரண்டுமே கான்ஸ்டன்டைனுக்கு நூறு வருஷம் முந்தியவை. அடையாளம் அப்போதே இருந்தது, அதை வணங்குவதில் தயக்கமும் அப்போதே இருந்தது.

அப்புறம் இடைக்காலம். 10ஆம் நூற்றாண்டு பல்கேரியாவில் பொகோமில்கள் என்ற பிரிவினர், ராஜாவின் மகனை ஒரு மரத்தால் கொன்றுவிட்டால் அந்த மரம் ராஜாவுக்குப் பிரியமாக இருக்குமா என்று கேட்டார்கள். நேரே நெஞ்சில் குத்துகிற கேள்விதான், ஆனாலும் பவுல் அந்தச் சிலுவையைக் குறித்தே மேன்மைபாராட்டுகிறார் என்பதால் நான் அதை ஏற்கவில்லை. டூரின் நகரத்துப் பிஷப் கிளாடியஸ் 9ஆம் நூற்றாண்டிலேயே இன்னும் கூர்மையாகக் கேட்டிருந்தார்: அவர் தொங்கினதால் சிலுவையை வணங்கினால், அவர் படுத்திருந்த தீவனத் தொட்டியை, ஏறிப்போன கழுதையை, உட்கார்ந்து பிரசங்கித்த படகை, தலையில் குத்திய முள்ளை எல்லாம் வணங்க வேண்டியதுதானே? சும்மா கேட்டுவிட்டுப் போகவில்லை, தன் ஆளுகைக்கு உட்பட்ட ஆலயங்களிலிருந்து படங்களையும் சிலுவைகளையும் எடுத்தே விட்டார். 12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பீட்டர் டி புரூயிஸ் என்ற பிரசங்கியார் சிலுவைகளைக் குவித்துக் கொளுத்தினார், கோபம் கொண்ட ஜனங்கள் அவரையும் நெருப்பில் தள்ளிக் கொன்றார்கள். மரத்துக்காக ஒரு மனிதனை எரித்த அந்தக் கூட்டத்தை என்னால் எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியவில்லை.

கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளின் பதிலையும் சொல்ல வேண்டும். 787ல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் (பிஷப்புகளின் பொதுக் கூட்டம்), சின்னத்துக்குக் காட்டும் மரியாதை அது குறிக்கிறவரைப் போய்ச் சேருகிறது, ஆராதனை கடவுளுக்கு மட்டுமே என்று வரையறுத்தது. நல்ல வரையறை. ஆனால் பின்னாளில் கத்தோலிக்க இறையியல் அறிஞர் தாமஸ் அக்வினாஸ், கிறிஸ்துவின் சிலுவைக்குக் கடவுளுக்குரிய ஆராதனையே தகும் என்று எழுதினார், அவரைக் குறிக்கிறது என்ற காரணத்தைச் சொல்லித்தான். பெரிய வெள்ளி வழிபாட்டில் சிலுவையை உயர்த்திக் காட்டி "வருவீர், ஆராதிப்போம்" என்று பாடுகிறார்கள். வயதானவர்கள் கைத்தாங்கலாக வந்து குனிந்து சிலுவையிலுள்ள இயேசுவின் பாதங்களை முத்தமிடுவதை, அடுத்தவர் வருமுன் ஒருவர் துணியால் துடைத்து விடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர்கள் அழுவது மரத்துக்காக இல்லை என்று எனக்கு நிச்சயம். ஆனாலும் நிசேயாவின் வரையறை அந்த வரிசையில் எத்தனை பேர் மனதில் இருக்கிறது என்று உங்கள் நண்பர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லூத்தர் சிலுவை அடையாளத்தை வைத்துக்கொண்டார். இங்கிலாந்தின் தீவிரப் புராட்டஸ்டன்டுகளான பியூரிட்டன்களோ சிலுவையை விட்டுவைக்கவில்லை, 1643ல் லண்டன் சீப்சைடில் நின்ற பெரிய சிலுவையை இடித்தே தள்ளினார்கள். யெகோவாவின் சாட்சிகள் 1930களிலிருந்து சிலுவையை விட்டுவிட்டார்கள், இயேசு குறுக்குச் சட்டம் இல்லாத ஒரே கம்பத்தில் இறந்தார் என்பது அவர்கள் போதனை. மார்மன் சபையார், மரணத்தின் சின்னத்தை விட உயிரோடிருக்கும் கிறிஸ்துவைத்தான் முன்னிறுத்த வேண்டும் என்பார்கள். இஸ்லாமியருக்கு அந்தச் சம்பவமே மறுப்புக்குரியது, குர்ஆன் 4:157 அவர் சிலுவையில் அறையப்படவில்லை என்கிறது.

யூதரின் மறுப்பு வேறு வகை. 1096ல் உடையில் சிலுவை தைத்துக்கொண்ட சிலுவைப்போர்க் கூட்டங்கள் ஜெர்மனியின் வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் யூதக் குடும்பங்களைக் கொன்று குவித்தன. அதற்கு வசனம் எடுத்துப் பதில் சொல்ல யாரும் முயலக் கூடாது, கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

சரி, சிலுவை போட்டால் விக்கிரக ஆராதனையா? நினைவுக்காகப் போட்டால் இல்லை என்பேன். "இது கழுத்தில் இருந்தால் விபத்து வராது", "வாசலில் மாட்டினால் பேய் வராது" என்று ஆரம்பித்தால் எசேக்கியா செய்ததுதான் சரி, கழற்றிவிடுங்கள். உங்கள் நண்பரோடு இதை வைத்துச் சண்டை வேண்டாம். அவர் ஜெபிக்க வரும்போது சிலுவை மாட்டாத அறையில் உட்கார்ந்து ஜெபியுங்கள்.