சொந்தமாகக் கட்டும் சிறிய விமானத்தில் ஜிபிஎஸ் ஆன்டெனாவை எங்கே வைப்பது? கேபிளை எப்படி இழுப்பது?

நான் கட்டியது இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம். ஆன்டெனா வேலையை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று இறங்கினேன். மூன்று வாரம் இழுத்தடித்தது. தப்பு ஆன்டெனாவிலும் இல்லை, ஜிபிஎஸ்ஸிலும் இல்லை என்பதுதான் வேடிக்கை.

முதலில் எதோடு மல்லுக்கட்டுகிறோம் என்று பாருங்கள். செயற்கைக்கோள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் சிக்னல் நம்மிடம் வந்து சேரும்போது, ஒரு வாட்டைப் பத்தாயிரம் லட்சம் கோடியாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்கு ஓரிரு மீட்டர் தள்ளி நம் பேச்சு ரேடியோ பல வாட்டில் கத்திக்கொண்டிருக்கும்.

இடம்: விமானத்தின் மேல்பக்கம், நேராகப் பறக்கும்போது ஆன்டெனா மட்டமாக இருக்கும்படி. பேச்சு ரேடியோவின் ஆன்டெனாவிலிருந்து 60 செ.மீ.யாவது தள்ளி வையுங்கள். வால் துடுப்பை ஒட்டி வேண்டாம், வானத்தில் ஒரு பக்கத்தை அது மறைக்கும். அலுமினியத் தகடு மெல்லியது, காற்றில் அதிரும். அதனால் உள்பக்கம் இன்னொரு தகட்டை வைத்து ரிவெட் அடித்துவிட்டு ஆன்டெனாவைத் திருகுங்கள். அடிப்பாகம் உலோகத்தைத் தொட வேண்டிய இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட வேண்டும், சீலன்ட்டைச் சுற்றி விளிம்பில் மட்டும் பூசினால் போதும். அழகுக்காக ஆன்டெனா மேல் பெயின்ட் அடிக்காதீர்கள்.

கண்ணாடியிழை உடல் என்றால் சிக்னல் ஊடுருவும், ஆன்டெனாவை உள்ளேயே வைக்கலாம். கார்பன் இழை என்றால் அந்தக் கதையே இல்லை, வெளியில்தான். உலோகத் துகள் கலந்த பளபளப்புப் பெயின்ட்டும் சிக்னலைத் தடுக்கும். கண்ணாடியிழையால் ஆன இன்ஜின் மூடிக்கு அடியில் வைப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், வேலை செய்யவும் செய்கிறது. ஆனால் அந்தச் சூட்டில் கொண்டுபோய் எலக்ட்ரானிக்ஸை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேபிளுக்கு ஆர்ஜி-400 வாங்குங்கள். ஆர்ஜி-58இல் சிக்னல் இழப்பு அதிகம் என்பார்கள். நாலைந்து மீட்டருக்கு அந்த வித்தியாசம் அப்படியொன்றும் பெரிதில்லை. என் கணக்கில் முக்கியம் வேறு: ஆர்ஜி-400இல் நடுக்கம்பியைச் சுற்றி வரும் உலோக வலை, அதாவது வெளிப்பின்னல், இரண்டு அடுக்கு, காப்புப் பொருள் டெஃப்லான், சூட்டுக்கு இளகாது. ஆர்ஜி-58இன் பிவிசி உறை தீப்பிடித்தால் வரும் புகையைக் காக்பிட்டுக்குள் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கேபிளை 25 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாக மடக்காதீர்கள். கேபிள் கட்டும் பிளாஸ்டிக் டையைப் போட்டு நெரிக்கவும் வேண்டாம். அப்புறம், சில ரிசீவர்கள் கேபிளில் குறைந்தபட்சம் இவ்வளவு இழப்பு இருந்தே ஆக வேண்டும் என்று கேட்கும். ஆன்டெனாவுக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் இருப்பதால் கேபிள் ரொம்பக் குட்டையானால் சிக்னல் மிஞ்சிவிடும். கையேட்டைப் படித்துவிட்டு வெட்டுங்கள், மிஞ்சும் நீளத்தை அகலமாகச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம். ஒரே ஆன்டெனாவை இரண்டு ரிசீவருக்குப் பிரிக்கச் சாதாரண T வடிவக் கனெக்டரைப் போடக் கூடாது. அந்த ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது, அதற்கென்று இருக்கும் ஸ்ப்ளிட்டர் வேண்டும்.

சரி, என் மூன்று வாரக் கதை. தரையில் எல்லாம் அருமையாக இருந்தது. பறக்கும்போது பேச்சு ரேடியோவில் 121.200 மெகாஹெர்ட்ஸில் பேசினால் மட்டும் திரையில் 'சிக்னல் இல்லை'. பேசும் பட்டனை விட்டால் சில விநாடிகளில் திரும்பி வந்துவிடும். ரிசீவரைத் திட்டினேன், ஆன்டெனாவை மாற்றினேன். ரேடியோ தன் அலைவரிசையில் மட்டும் அல்ல, அதன் இரண்டு, மூன்று மடங்கு என்று பெருக்கங்களிலும் கொஞ்சம் கசியும். அப்புறம் ஒரு நாள் கணக்குப் போட்டேன்: 121.2ஐ 13ஆல் பெருக்கினால் 1575.6. ஜிபிஎஸ்ஸின் தலையிலேயே போய் உட்கார்கிறது! 131.3ஐ 12ஆல் பெருக்கினாலும் அதே எண்தான்.

விமானத்தை வெளியே தள்ளி நிறுத்தி, ஜிபிஎஸ் திரையில் ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னல் பலத்தையும் பட்டையாகக் காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அலைவரிசையில் யாரும் இல்லை என்று கேட்டு உறுதிசெய்துவிட்டு பட்டனை அழுத்தினேன். எட்டுப் பட்டைகளும் சரசரவென்று இறங்கின. பேனலுக்குப் பின்னால் கைவிட்டு ஒவ்வொரு கனெக்டராகத் திருகிப் பார்த்தேன். பேச்சு ரேடியோவின் கேபிள் கனெக்டர் விரலோடு சுற்றியது. கனெக்டரை நெரித்துப் பிடிக்கும் கிரிம்ப் வளையத்துக்குள் போக வேண்டிய வெளிப்பின்னலில் பாதி வெளியே மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு இரண்டு கேபிளையும் நானே சேர்த்துக் கட்டியிருந்தேன். இரண்டையும் பிரித்து ஒரு சாண் தள்ளிக் கட்ட, ஏற்கெனவே ரிவெட் அடித்து மூடிய தகட்டைத் திறக்க வேண்டியதாயிற்று. நாற்பது ரிவெட்! கனெக்டரைப் புதிதாகக் கிரிம்ப் செய்து அழுத்திப் பார்த்தேன், ஒரு பட்டைகூட அசையவில்லை.

நீங்கள் தகட்டை மூடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்: 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300. ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் பட்டனை அழுத்திப் பட்டைகளைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் 121.500 ஆபத்து உதவி அலைவரிசை, அதில் கை வைக்காதீர்கள். அப்படியும் பட்டைகள் விழுந்தால், விபத்து அறிவிப்புக் கருவியின் ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். நாம் பேசுவதை அது வாங்கி, பெருக்கங்களோடு திருப்பி வீசுவதும் உண்டு. சோதனை முடிந்ததும் மறக்காமல் மாட்டிவிடுங்கள்.

ஒரு மாதம் கழித்து எனக்குத் திரும்பவும் சிக்னல் மங்கியது. இந்தத் தடவை அரை நாள்தான் தேடினேன். டாஷ்போர்டில் செருகியிருந்த மலிவு யூஎஸ்பி சார்ஜர். பிடுங்கினேன், கோளாறு போய்விட்டது.