சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு திருச்சிக்குத் திரும்புகிறோம். பிள்ளைகள் பழகுவார்களா? வீடு வாங்கிக்கொண்டே வந்துவிடலாமா?

உங்கள் கேள்வியில் மூன்று விஷயம் இருக்கிறது. பன்னிரண்டு வயது மகளும் ஏழு வயது மகனும் திருச்சியில் பழகுவார்களா, ஏர்போர்ட் தாண்டி விலைக்கு வரும் தனி வீட்டை வாங்கிக்கொண்டே வந்துவிடலாமா, எந்த மாதம் கிளம்புவது. நாங்களும் சிங்கப்பூர் செங்காங்கில் வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடி வீட்டில், பல வருடம் இருந்துவிட்டு, ஏறக்குறைய இதே வயதுப் பிள்ளைகளோடு திருச்சிக்கு வந்தவர்கள்தான். இப்போது திருவானைக்காவலில் வாடகை வீட்டில் இருக்கிறோம்.

வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். கரண்ட், தண்ணீர், வெயில், கொசு இதையெல்லாம் பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். அதெல்லாம் கொஞ்ச நாளில் பழகிவிடும். பிள்ளைகளை, அதிலும் பெரிய பிள்ளையை, உண்மையில் வாட்டுவது வேறு. தனியாக வெளியே போய்வர முடியாமல் போவதுதான் அது. சிங்கப்பூரில் உங்கள் மகள் ஈஸிலிங்க் கார்டை எடுத்துக்கொண்டு தானே பஸ் ஏறிப் பள்ளிக்குப் போயிருப்பாள். என் மகள் எல்ஆர்டி ரயில் ஏறி காம்பஸ் ஒன் மாலில் இருக்கும் நூலகத்துக்குத் தனியாகப் போய்ப் புத்தகம் எடுத்து வருவாள். மகனுக்குப் புளோக்குக்குக் கீழேயே விளையாட்டு இடம். அப்படி இருந்த பிள்ளை இங்கே வந்ததும் ஒரு பென்சில் வாங்கக்கூட அப்பாவின் ஸ்கூட்டருக்காகக் காத்திருக்க வேண்டும் என்றால், அது எவ்வளவு பெரிய வீடாக இருந்தாலும் அவளுக்குச் சிறைதான். நாலு பெட்ரூமும் மொட்டைமாடியும் அதைச் சரிக்கட்டாது.

அதனால் நீங்கள் சொல்லும் தனி வீட்டை இப்போதைக்கு வாங்காதீர்கள். ஏர்போர்ட் தாண்டி வரும் மனைப்பிரிவுகளில் பல இடங்களில் வீடு நன்றாக இருக்கும், சாலைகூட நன்றாக இருக்கும். ஆனால் நடந்து போகும் தூரத்தில் ஒன்றும் இருக்காது. பக்கத்து மனைகள் காலியாகக் கிடக்கும், ஆறு மணிக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. முதலில் ஒரு வருடமாவது வாடகைக்கு இருங்கள். அந்த வீட்டையும் தெருவை வைத்துத் தேர்ந்தெடுங்கள். மாலை ஐந்து மணிக்குப் போய் அந்தத் தெருவில் நின்று பாருங்கள். பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்களா, திண்ணையிலோ வாசலிலோ பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா, மளிகைக்கடையும் மருந்துக்கடையும் ஒரு பிள்ளை தனியாகப் போய்வரும் தூரத்தில் இருக்கின்றனவா, பஸ் ஸ்டாப் எங்கே. இவ்வளவும் சரியாக இருந்தால் கிச்சன் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, எடுத்துக்கொள்ளுங்கள். உறையூர், புத்தூர், ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் போன்ற பழைய பகுதிகளில் இப்படிப்பட்ட தெருக்கள் இன்னும் இருக்கின்றன. கே.கே.நகரிலும் சில இடங்களில் உண்டு.

நாங்கள் திருவானைக்காவலைப் பிடித்ததற்கு முக்கியக் காரணம் ஒன்றாம் நம்பர் பஸ். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டிலிருந்து சத்திரம் வழியாக ஸ்ரீரங்கம் போகிற பஸ். ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும். முதலில் என் மாமியாரோடு ஸ்ரீரங்கம் வரை போய்வந்தாள் மகள். எந்தப் பக்கம் ஏறுவது, கூட்டத்தில் எங்கே நிற்பது, இறங்குவதற்கு எப்போது நகர ஆரம்பிக்க வேண்டும் என்று அத்தனையும் பாட்டிதான் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஒரு தோழியோடு, அப்புறம் தனியாக. அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. திருச்சியில் தனியார் டவுன் பஸ்களும் நிறைய ஓடும், அதில் டிக்கெட் எடுக்க வேண்டும். அந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்து, பையில் எப்போதும் சில்லறை இருக்கட்டும் என்று சொல்லிவைத்தோம். ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் தடவை தனியாக வந்து இறங்கி, "அம்மா, கண்டக்டர் என்னை ‘பாப்பா, உள்ள போ’ன்னாரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் நான் காணாத சிரிப்பு அது. ஊர் அன்றைக்குத்தான் அவளுக்குக் கொஞ்சம் சொந்தமானது என்று நினைக்கிறேன்.

மகனுக்கு வேறு வழியில் நடந்தது. திருவானைக்காவல் கோவிலில் மத்தியானம் உச்சிக்கால பூஜைக்கு அர்ச்சகர் சேலை கட்டி, அம்மன் சன்னதியிலிருந்து மேளத்தோடு ஜம்புகேஸ்வரர் சன்னதிக்குப் போவார். அகிலாண்டேஸ்வரியே வந்து சுவாமியைப் பூஜிப்பதாக ஐதீகம். ஒரு லீவு நாளில் அதைப் பார்த்துவிட்டு வந்தவன் அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பையன்களை இழுத்துக்கொண்டு தானே போய்விட்டான். சாமி கும்பிடுகிற வீடா இல்லையா என்பது உங்கள் விஷயம். நான் சொல்ல வருவது, பிள்ளை தானாகப் போய்ப் பார்க்க ஏதாவது ஒன்று நடைதூரத்தில் இருக்கட்டும் என்பது. அது கோவிலாக இருக்கலாம், நூலகமாக இருக்கலாம், மைதானமாக இருக்கலாம்.

வீட்டுக்குள் பழக வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்த பிள்ளைகள், இங்கேயும் கை தானாகக் குழாய்க்குப் போகும். குடிதண்ணீர் பாட்டிலை சமையலறையில் மட்டும் வைக்காமல் அவர்கள் படுக்கும் அறையிலும் வையுங்கள். குப்பையை மூட்டைகட்டி அடுக்குமாடியின் குப்பைக் குழாயில் போட்டால் போய்விடும் என்ற பழக்கமும் முடிந்தது. காலையில் மாநகராட்சி வண்டி வரும்போது மக்குவது, மக்காதது என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். இந்த வேலையை மகளிடம் கொடுத்தோம். வண்டியோடு வரும் அக்காவுக்கும் அவளுக்கும் நல்ல பழக்கம் ஆகிவிட்டது. மோட்டார் போட்டு டேங்க் நிரப்புவது, நிரம்பி வழிவதற்குள் நிறுத்துவது, தொட்டியை மூடி வைப்பது எல்லாவற்றையும் பெரியவர்கள் மட்டும் செய்யாமல் பிள்ளைகளுக்கும் பங்கு கொடுங்கள். கொசுவுக்கு ஜன்னல்களில் வலை அடிப்பதைச் சாமான் இறக்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

சாமான்களைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் 120 வோல்ட் சாமான்களை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கை மட்டும் மாற்றினால் மிக்ஸியும் வாஷிங் மெஷினும் ஓடும். ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் போடுங்கள். இன்வெர்ட்டர் கட்டாயம் வேண்டும், மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் காலையிலிருந்து கரண்ட் இருக்காது. ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் கட்டணம் சட்டென்று ஏறும். எல்லா அறையிலும் ஏசி ஓடிப் பழகியவர்கள் கோடையில் ஒரே அறையில் படுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் அதற்காகவே கோடையை எதிர்பார்க்கிறார்கள்.

காகிதங்களில் எதையும் அசட்டையாக விடாதீர்கள். பிள்ளைகள் அங்கே பிறந்தவர்கள் என்றால், இந்தியத் தூதரகத்தில் பதிந்த பிறப்புச் சான்றையும் சிங்கப்பூர்ப் பிறப்புச் சான்றையும் சேர்த்து ஒரே ஃபைலில், கைப்பையில் கொண்டுவாருங்கள், கன்டெய்னரில் போட்டுவிடாதீர்கள். இங்கே பள்ளியில் முதலில் கேட்பது டி.சி.யும் ஆதாரும்தான். நம் ஊர் டி.சி. மாதிரி ஒன்றை அங்கே எதிர்பார்க்க முடியாது. பள்ளியை விட்டு விலகியதற்கான கடிதத்தையும் எல்லா வருட ரிப்போர்ட் புத்தகங்களையும் வாங்கி வையுங்கள். என்ஆர்இ கணக்கை, அதாவது வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான வங்கிக் கணக்கை, வந்த பிறகு அப்படியே வைத்திருக்கக் கூடாது, வங்கியில் சொல்லி மாற்ற வேண்டும். வெளிநாட்டுப் பணத்தை வெளிநாட்டுப் பணமாகவே வைக்க ஆர்எஃப்சி கணக்கு உண்டு. திரும்பிய முதல் சில வருடங்களுக்கு வருமான வரியில் ஆர்என்ஓஆர் என்ற நிலை பலருக்குக் கிடைக்கும், அப்போது வெளிநாட்டு வருமானத்துக்குப் பெரும்பாலும் இங்கே வரி வராது. கிளம்பும் தேதியைக் குறிக்கும் முன்பே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள், தேதியை வைத்துத்தான் கணக்கே. நீங்கள் பி.ஆர். (சிங்கப்பூர் நிரந்தரவாசி) என்றால், அதை விட்டுவிட்டு நிரந்தரமாகக் கிளம்பும்போதுதான் சிபிஎஃப் என்ற அங்கத்துச் சேமநிதிப் பணம் முழுதும் கைக்கு வரும். மகனுக்கும் பி.ஆர். இருந்தால் தேசிய சேவை (அங்கே ஆண்பிள்ளைகளுக்கான கட்டாய ராணுவச் சேவை) விஷயத்தையும் சேர்த்து யோசியுங்கள். பதினாறரை வயதில் பதிய வேண்டியது அது. அவன் பிற்காலத்தில் அங்கே படிக்கவோ வேலைக்கோ போக நினைத்தால் இன்றைய முடிவு அவனைத் தொடும்.

தமிழ்ப் பாடம் பற்றிப் பயப்படாதீர்கள். 2006-இல் வந்த சட்டப்படி இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். வளைகுடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் பிள்ளைகள் இங்கேதான் திணறுவார்கள். உங்கள் பிள்ளைகள் சிங்கப்பூர்ப் பள்ளியில் தமிழைப் பாடமாகவே படித்திருப்பார்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கும் கஷ்டம் இருக்காது. மனப்பாடச் செய்யுளும் இலக்கணமும்தான் புதிது. கட்டுரையில் என் மகள் வகுப்பில் முதல் ஆள், செய்யுளில் கொஞ்ச காலம் பின்தங்கித்தான் இருந்தாள். தமிழாசிரியை அவளைத் தனியாக உட்காரவைத்துச் சீர் பிரித்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். அந்த அம்மாவுக்கு நாங்கள் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

அக்கம்பக்கத்துக் கேள்விகளைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். "ஏன் வந்துட்டீங்க? அங்க வேலை போயிருச்சா?" என்று நேராகப் பிள்ளைகளிடமே கேட்பார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பது இல்லை. ஆனால் எங்கள் மகன் அன்றிரவு, "அப்பாக்கு நெஜமாவே வேலை போயிருச்சாம்மா?" என்று கேட்டான். ஏன் திரும்புகிறோம் என்பதைப் பிள்ளைகளிடம் கிளம்பும் முன்பே உட்காரவைத்துப் பேசிவிடுங்கள், மறைக்காமல், அவர்களுக்குப் புரியும்படி. தாத்தா பாட்டியோடு இருக்க வருகிறோம் என்றால் அதைச் சொல்லுங்கள், உண்மையிலேயே வேலைதான் காரணம் என்றால் அதையும் சொல்லுங்கள். பதில் கையில் இருக்கிற பிள்ளை கூசாமல் பதில் சொல்லும். அப்படிக் கேட்ட அதே எதிர்வீட்டுப் பாட்டிதான், எனக்குக் காய்ச்சல் வந்தபோது கேட்காமலே ரசமும் சாதமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

கடைசியாக, எந்த மாதம். சிங்கப்பூரில் பள்ளி ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடியும், இங்கே ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும். இந்த இடைவெளியை உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளுங்கள். அங்கே வருடத்தை முழுதாக முடித்துவிட்டு, தோழர்களிடம் சொல்லிக்கொண்டு, நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ கிளம்புங்கள். திருச்சியில் வெயில் குறைந்திருக்கும், மார்கழி, பொங்கல் என்று தெருவே வாசலில் கோலத்தோடு இருக்கும், பிள்ளைகளுக்குத் தெருவில் பழக்கம் பிடிக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. ஜூனில் பள்ளி சேரும் வரை செய்யுளுக்கும் கணக்குக்கும் பக்கத்திலேயே டியூஷன் வைத்துக்கொள்ளலாம். அக்னி நட்சத்திரத்தில் மட்டும் வந்து இறங்காதீர்கள். எந்தப் பகுதியில் பள்ளி பார்க்கிறீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள், அதற்கு நடைதூரத்தில் இருக்கும் தெருக்களைச் சொல்கிறேன்.